வைத்தியம் கற்கச் சென்ற டார்வின்

உயிரினங்கள் நெடுங்காலப் போக்கிற் படிப்படியாக மாற்றமடைந்தே இன்றைய நிலையை எய்தின என்பதைத் தக்க சான்றுகளோடு உலகுக்கு எடுத்துரைத்தவர் அறிஞர் சார்ள்ஸ் டார்வின். அவர் பெயரை அறியாத மாணவர் நம்மிடையே இலர். ஆயினும், அவர் முதலில் வைத்தியராவதற்கே அனுப்பப்பட்டார் என்பதையும், வைத்தியசாலையிற் கண்ட காட்சியைத் தாங்கமாட்டாது வெளியேறினார் என்பதையும் அறிந்தோர் சிலரே. பிள்ளைகளை வைத்தியராகக் காணும் பேரவா நிறைந்த நம் சமூகத்தவர்க்கு இவ்வரலாறு பயன்தரும் எனக் கருதி, அதனைச் சுருக்கமாகத் தருகின்றோம்.

டார்வின் 1809ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தின் சுரூஸ்பரி நகரிற் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் புகழ்பெற்ற வைத்தியர்கள். எட்டு வயதில் தாயாரை இழந்த அவரைத் தமக்கையர் பேணி வளர்த்தனர். பாடசாலைக் கல்வியில் அவர் சிறந்து விளங்கவில்லை. பூச்சிகளையும் கற்களையும் சேர்ப்பதிலும் வேட்டையாடுவதிலுமே நாட்டங்கொண்டிருந்தார்.

1825ஆம் ஆண்டுக் கோடையில் ஏழை நோயாளர் சிலரைக் கவனிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. நோயின் குறிகளைக் கேட்டு எழுதிவந்து தந்தையாருக்கு வாசித்துக்காட்டுவார். தந்தையார் கூறும் மருந்தைத் தாமே ஆக்கி வழங்குவார். நோயாளரின் நம்பிக்கையைப் பெறும் பண்பை மகனிடங் கண்ட தந்தையார் றொபேட் டார்வின், அவர் நல்ல வைத்தியராவார் என உறுதிகொண்டார். அவ்வாண்டு ஒக்டோபரில், பதினாறே வயதான டார்வின் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். வைத்தியம் பயின்றுகொண்டிருந்த தமையனாரும் முதலாண்டில் உடனிருந்தார்.

அங்கு இரசாயன விரிவுரை ஒன்றே அவருக்கு இனித்தது. குளிர்காலக் காலை எட்டு மணிக்கு நிகழும் மருந்தியல் விரிவுரை பெருந்துன்பமாயிற்று. உடற்கூற்றியற் பேராசிரியர் மன்றோவின் தந்தையாரும் பாட்டனாரும் அதே பதவியை வகித்தவர்கள். பரம்பரையாக வந்த பதவியோடு கற்பிக்கும் ஆற்றலும் வந்துவிடவில்லை; அவரது விரிவுரை டார்வினுக்கு வெறுப்பையே ஊட்டியது.

விரிவுரைகளோடு எடின்பரோ அரச வைத்தியசாலையின் நோயாளர் விடுதிகளுக்கும் மாணவர் செல்லவேண்டியிருந்தது. சில நோயாளரின் நிலை டார்வினின் உள்ளத்தைப் பெரிதும் வருத்தியது. எனினும், அதற்காக அவர் விடுதிகளுக்குச் செல்வதைக் குறைத்துக்கொள்ளவில்லை. அவர் தாங்கமாட்டாதது சத்திரசிகிச்சைக் கூடத்தையே. மயக்கமருந்து அறியப்படாத காலம் அது. நோயாளி முழு உணர்வோடு கிடக்க, பிறர் அவரைப் பற்றிப்பிடித்திருக்க, வைத்தியர் கத்தியை எடுப்பார். அத்தகைய கொடிய சிகிச்சைகள் இரண்டினை டார்வின் காண நேர்ந்தது. அவற்றுள் ஒன்று ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்டது. இருமுறையும் அவர் முடியுமுன்னரே கூடத்தை விட்டு விரைந்து வெளியேறினார். பின்னர் அங்கு கால்வைக்கவேயில்லை. அந்நினைவு பல்லாண்டுகள் அவரை வாட்டியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின், 1847இல், அதே எடின்பரோ நகரிலேயே ஜேம்ஸ் சிம்சன் என்னும் வைத்தியர் குளோரபோம் மயக்கமருந்தைப் பயன்படுத்தத் தொடங்கினார்.

தந்தையார் போதிய செல்வம் விட்டுச்செல்வார் என்னும் எண்ணமும் டார்வினின் முயற்சியைத் தளர்த்தியது என்பதை நாம் மறைத்தலாகாது. ஆயினும் அவர் வாளாவிருக்கவில்லை. அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்றுக் கயானாவிலிருந்து வந்து எடின்பரோவில் வாழ்ந்த ஜோன் எட்மன்ஸ்டன் என்பவரிடம், இறந்த பறவைகளைக் கெடாது பதப்படுத்தும் கலையைப் பணங்கொடுத்துக் கற்றார். இரண்டாம் ஆண்டில், வைத்தியப் பட்டம் பெற்றும் கடலுயிர் ஆய்வில் ஈடுபட்டிருந்த றொபேட் கிறான்டுடன் கடற்கரையிற் சிற்றுயிர்களைத் தேடித் திரிந்தார். 1827 மார்ச்சில் மாணவர் சங்கமொன்றில் தம் முதற் கண்டுபிடிப்புகளை வெளியிட்டார்.

இவ்வளவிருந்தும், வைத்தியம் தமக்கு ஒவ்வாது என்பதைத் தந்தையாரிடம் நேரிற் கூற அவருக்குத் துணிவு பிறக்கவில்லை. தந்தையார் தாமாக உணர்ந்தோ தமக்கையர் வாயிலாகவோ அதனை அறிந்தார். 1827இல் டார்வின் பட்டம் பெறாமலே எடின்பரோவை விட்டகன்றார். மகன் சோம்பித் திரிவானோ என அஞ்சிய தந்தையார், மதகுருவாக்கும் நோக்குடன் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். அங்குத் தாவரவியற் பேராசிரியர் ஹென்சுலோவின் நட்பு வாய்த்தது. அவர் பரிந்துரைத்த பீகிள் கப்பற் பயணத்தைத் தந்தையார் முதலில் மறுத்தார்; அறிவுடையார் ஒருவர் ஆதரித்தால் இசைவதாகவும் கூறினார். மாமனார் யோசாயா வெட்ஜ்வுட் ஆதரித்துப் பேசவே, தந்தையார் சொல் தவறாது இசைந்து, செலவையும் ஏற்றார். 1831 டிசம்பர் முதல் 1836 ஒக்டோபர் வரை நீடித்த அப்பயணத்தில், எடின்பரோவிற் கற்ற பதப்படுத்தும் கலையும் கடலுயிர் ஆய்வும் பேருதவி புரிந்தன. உடலறுவைப் பயிற்சியை முறையாகப் பெறாதது குறையே எனப் பிற்காலத்தில் டார்வின் வருந்தியதும் உண்டு. 1859இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. 1882இல் மறைந்த அவர், இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

வைத்தியம் உயர்ந்த தொண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. குழந்தையின் துயர் கண்டு வெளியேறியவரைக் கோழை என்றும் நாம் கொள்வதற்கில்லை. மாணவச் செல்வங்களே, ஒரு துறை ஒவ்வாதெனின் அதனைப் பெற்றோரிடம் காலத்தே எடுத்துரையுங்கள். எதனைக் கற்க விழைகின்றீர்கள் என்பதையும் உடன் கூறுங்கள். பெற்றோரே, அச்சொல்லைத் தமக்கையரிடமோ பிறரிடமோ கேட்டறிய நேராதவாறு, பிள்ளைகள் நம்மிடமே அஞ்சாது கூறத்தக்க இல்லங்களை நாம் அமைப்போமாக. முதலில் மறுத்தாலும் பின்னர்ச் செவிசாய்த்த அத்தந்தையாருக்கும் அறிவுலகம் கடமைப்பட்டுள்ளது.