கப்பல் வாங்கிய 25 ரூபாய்

ஏலகிரி மலையைச் சுற்றியுள்ள ஆம்பூர், வாணியம்பாடி ஊர்களில் தோல் பதனிடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். தோலை இன்று வாங்க வேண்டும். ஊறவைத்து, பதனிட்டு, உலர்த்தி விற்ற பிறகுதான் காசு வரும். அதுவரை கைப்பணம் போட்டுத் தாங்க வேண்டும். அந்தப் பணத்துக்குத்தான் முதல் என்று பெயர்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் அந்தத் தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போயிற்று. தோல் நம்முடையது. கப்பலோ அவர்களுடையது!

தூத்துக்குடியிலும் இதே நிலைமைதான். அதை மாற்றத் துணிந்தார் ஒரு வக்கீல். அவர்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் அவர். அப்போது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே "பிரிட்டிஷ் இந்தியா" கம்பெனி கப்பல் விட்டு வந்தது. அது வைத்ததுதான் கட்டணம்.

பங்கு என்றால் என்ன?

கப்பல் வாங்க லட்சக்கணக்கில் பணம் வேண்டும். ஒருவரால் முடியாது. பலர் சேர்ந்தால் முடியும் அல்லவா?

1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். ஒரு பங்கின் விலை 25 ரூபாய்.

பங்கு வாங்கியவர் கம்பெனிக்குச் சொந்தக்காரர்களில் ஒருவர் ஆகிறார். லாபம் வந்தால் அவருக்கும் கிடைக்கும். நஷ்டம் வந்தால் போட்ட பணம் போகும்.

பாண்டித்துரைத் தேவர் கம்பெனியின் தலைவர் ஆனார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகள் வாங்கினார். அதாவது, 2 லட்சம் ரூபாய்!

முதலில் வாடகைக் கப்பல் ஓடிற்று. வெள்ளைக் கம்பெனி மிரட்டவே, கொடுத்தவர்கள் அதைத் திரும்ப வாங்கிக் கொண்டார்கள். வ.உ.சி. பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டில் மகனுக்கு நோய். மனைவி கர்ப்பிணி. கப்பல் இல்லாமல் திரும்புவதில்லை என்று உறுதி கொண்டார். 1907-ல் "காலியா", "லாவோ" என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. தூத்துக்குடி மகிழ்ச்சியில் மூழ்கியது.

கட்டணப் போட்டி

வெள்ளைக் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. அவர்கள் இலவசமாகவே ஏற்றிச் சென்று, ஆளுக்கு ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள்!

இனாம் கொடுத்தால் நஷ்டம் வராதா? வரும். ஆனால் பெரிய கம்பெனி, வேறு துறைமுகங்களில் சம்பாதித்ததைக் கொண்டு ஈடுகட்டும். எதிரி ஒழிந்ததும் கட்டணத்தை உயர்த்திக் கொள்ளும். சுதேசிக் கம்பெனிக்கு அந்தப் பணபலம் இல்லை.

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 40 ஆண்டுத் தண்டனை! அப்பீலில் அது குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1911-ல் கம்பெனி மூடப்பட்டது. அதன் கப்பல் ஒன்று, போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது.

1912 டிசம்பரில் விடுதலையானபோது அவருக்கு வக்கீல் தொழிலும் இல்லை. சென்னையில் சிறு கடை வைத்துப் பிழைத்தார். 1936-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி காலமானார்.

தொழில் தொடங்க முதல் வேண்டும். நடத்தவும் கையிருப்பு வேண்டும். இது மாணவர்கள் படிக்க வேண்டிய பாடம். பயணிகள் படிக்க வேண்டிய பாடமும் ஒன்று உண்டு. அந்த இலவசக் குடைக்கு விலை, நமது கப்பல்!