டாக்டர்களை ஆசிரியராக்கிய டாக்டரம்மா



வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் நம் சபையில் உண்டோ? அதை ஸ்தாபித்த ஐடா ஸ்கட்டர் அம்மையாரைப் பெரிய டாக்டர் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் பெரிய டீச்சர் என்பதையும், டீச்சர்களை உண்டாக்குவதற்காகப் பாடுபட்டவர் என்பதையும் அநேகர் மறந்துபோகிறோம்.

1870 டிசம்பர் 9-ம் தேதி இராணிப்பேட்டையில், மிஷனரி டாக்டர்களின் குடும்பத்தில் பிறந்தார். வாலிப வயதில் அவருக்கு மிஷனரியாகும் எண்ணமே கிடையாது. திண்டிவனத்தில் ஒரே இராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவிமாரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். தகப்பனார் டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் மரித்துப்போனார்கள்! அந்தப் பாரம் அவரைத் தூங்கவிடவில்லை. 1899-ல் அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்று, 1900-ல் வேலூருக்குத் திரும்பி வந்தார்.

1902-ல் 40 படுக்கைகளோடு ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. நோயாளிகள் கூட்டங்கூட்டமாய் வந்தார்கள். இரண்டு கைகள் எத்தனை பேரைத் தொடும்? ராப்பகலாய் உழைத்தாலும் தன்னோடு வேலை முடிந்துபோகுமே என்று அம்மையார் யோசித்தார். 1909-ல் நர்சுப் பயிற்சிப் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று ஆரம்பித்தார். இந்தியப் பெண்கள் டாக்டருக்குப் படிக்க வருவார்களா என்று அதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள். வந்த விண்ணப்பங்களோ 151! முதல் வகுப்பில் கடைசிவரை நிலைத்த 14 பேரும் 1922-ல் எல்.எம்.பி. பரீட்சையில் தேறினார்கள்.

அம்மையார் பாடம் சொன்ன விதத்தைக் கவனியுங்கள். வகுப்பறையோடு நிறுத்தவில்லை. நோயாளியின் கட்டிலருகே மாணவிகளை நிறுத்திக் காட்டிக்கொடுப்பார். வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போவார். ரோட்டோர மரத்தடியே ஆஸ்பத்திரி, அதுவே வகுப்பு! புண்ணைக் கழுவுவது எப்படி, பயந்த தாயிடம் பேசுவது எப்படி என்பதை அவரைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள்.

பிறகு வந்தது பெரிய சோதனை. 1930-களின் கடைசியில் சென்னை அரசாங்கம் எல்.எம்.பி. படிப்பை நிறுத்தத் தீர்மானித்தது. இனி எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயரவேண்டும், இல்லாவிட்டால் பள்ளியை மூடவேண்டியதுதான். கட்டிடமும் படுக்கையும் மட்டும் போதாது. மேற்பட்டம் பெற்ற பேராசிரியர்களும் வேண்டும். நல்லா வைத்தியம் பார்க்கிற டாக்டர் எல்லாரும் பாடம் சொல்லித்தர முடியுமா? அதற்குத் தனிப் படிப்பும் பொறுமையும் வேண்டுமே! 70 வயதைத் தாண்டிய அம்மையார் 1941-ல் அமெரிக்காவுக்குப் போய், ஊர் ஊராய் உதவி கேட்டார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு நடத்த அனுமதி கிடைத்தது.

அதற்கும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. கல்லூரி நிலைக்கவேண்டுமானால் ஆண்களையும் சேர்க்கவேண்டும் என்ற யோசனை எழுந்தது. பெண்களுக்காகவே ஆரம்பித்த வேலை அல்லவா! நெடுநாள் தோழியான லூசி பீபாடி அம்மையார் கடுமையாக எதிர்த்தார். ஐடா அம்மையாருக்கும் அது லேசான காரியமல்ல. ஆனாலும் தன் விருப்பத்தைவிட வேலை பெரிது என்று சம்மதித்தார். 1947-ல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள்.

1946-ல் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். அறுவை சிகிச்சை கற்பிக்க டாக்டர் பால் பிராண்ட் அதே வருஷம் வந்து சேர்ந்தார். இந்திய டாக்டரான ஹில்டா லாசரஸ் அம்மையார் தலைமைப் பொறுப்பில் அமர்ந்ததையும் ஐடா அம்மையார் கண்ணாரக் கண்டார். 1960 மே 24-ல், 89-ம் வயதில், கொடைக்கானலில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் கை ஓய்ந்தது, வேலை ஓயவில்லை!

தேவ பிள்ளைகளே, 2 தீமோத்தேயு 2:2-ஐ வாசித்துப் பாருங்கள். கற்றுக்கொண்டவன் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தகுந்தவனை எழுப்பவேண்டும் என்பதே அதன் கருத்து. ஞாயிறு பள்ளியோ, ஜெபக்குழுவோ, அடுப்படியோ, ஆபீசோ, உங்களுக்குத் தெரிந்ததை யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? உங்களுக்குப் பின் அதைக் கற்பிக்க யார் இருக்கிறார்கள்? இந்த வாரமே ஒருவரையாவது பக்கத்தில் கூட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்!