இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை: ஸேர் லுட்விக் குட்மனின் வாழ்வும் பணியும்

எமது காரியாலயத்துக்கு வரும் உதவி கோரும் கடிதங்களில் சக்கர நாற்காலி வேண்டி வருபவை ஒருபோதும் குறைந்ததில்லை. ஷெல் வீச்சில் முள்ளந்தண்டு சிதைந்தவர், பனையிலிருந்து தவறி வீழ்ந்தவர், வீதி விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர் என எழுதுவோரின் கதைகள் வேறுபட்டாலும் வேண்டுகோள் ஒன்றேதான். நாமும் பிரசுரிக்கின்றோம், யாரோ ஒரு நல்ல உள்ளம் நாற்காலியை வாங்கிக் கொடுத்தும் விடுகின்றது. ஆனால், சில மாதங்கள் கழித்து அதே முகவரியிலிருந்து மரண அறிவித்தல் வந்த சந்தர்ப்பங்களும் உண்டு. விசாரித்தால், படுக்கைப் புண் முற்றிவிட்டது என்பார்கள். அல்லது சிறுநீரில் கிருமி ஏறி சிறுநீரகம் பழுதடைந்துவிட்டது என்பார்கள். நாற்காலி ஒரு மூலையில் புதிதாகவே நிற்கும்.

முள்ளந்தண்டு முறிந்தவரைக் கொல்வது பெரும்பாலும் அந்த முறிவன்று, அதன் பின்னால் வரும் தடுக்கக்கூடிய துன்பங்களே என்பதை வைத்திய உலகம் ஏற்றுக்கொள்ள நீண்டகாலம் எடுத்தது. அதை ஏற்க வைத்தவர்களுள் முதன்மையானவர் ஸேர் லுட்விக் குட்மன். பராலிம்பிக் விளையாட்டுகளின் தந்தையாகவே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கின்றது. அவரது பெரும் பணி மைதானத்தில் நடைபெறவில்லை, நோயாளர் விடுதியில், அதுவும் இரவு வேளைகளில் நடைபெற்றது என்பது எமது எண்ணம்.

குட்மன் 1899ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் திகதி, அன்று ஜேர்மனியின் பகுதியாகவும் இன்று போலந்தின் பகுதியாகவும் உள்ள மேல் சிலேசியாவில், தோஸ்ட் என்ற சிற்றூரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். 1917இல், வைத்தியக் கல்வியைத் தொடங்குமுன், சுரங்கத் தொழிலாளருக்கான விபத்து வைத்தியசாலையொன்றில் ஏவலாளாகப் பணிபுரிந்தார். அங்கே முதுகு முறிந்த ஓர் இளம் தொழிலாளி கொண்டுவரப்பட்டார். திடகாத்திரமான உடல். உடலுக்குக் கட்டுப்போட்டு, திரை மறைவில் ஒதுக்குப்புறமாகக் கிடத்தினார்கள். அவரைப் பற்றி அதிகம் குறிப்பெழுத வேண்டியதில்லை, சில வாரங்களில் இறந்துவிடுவார் என்று மூத்த வைத்தியர் இளைஞரான குட்மனுக்குச் சொல்லிவிட்டார். அவ்வாறே ஐந்து வாரங்களில், படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் அத்தொழிலாளி இறந்தார். அந்த முகத்தைத் தாம் மறக்கவில்லை என்று குட்மன் தமது முதுமையிலும் நினைவுகூர்ந்திருக்கின்றார்.

1924இல் வைத்தியப் பட்டம் பெற்ற அவர், பிரெஸ்லோ நகரில் புகழ்பெற்ற நரம்பியல் நிபுணரான ஒட்ஃப்றிட் ஃபோர்ஸ்டரிடம் பயின்று, அவரது பிரதான உதவியாளராக உயர்ந்தார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர் என்ற ஒரே காரணத்துக்காகப் பதவி பறிக்கப்பட்டது. அந்நகரின் யூத வைத்தியசாலை அவரை ஏற்றுக்கொண்டது; பின்னர் அதன் பணிப்பாளருமானார்.

1938 நவம்பர் 9ஆம் திகதி இரவு ஜேர்மனியெங்கும் யூதர்களின் ஆலயங்களும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, வைத்தியசாலை வாசலுக்கு வரும் எவரையும் காரணம் கேளாது அனுமதிக்கும்படி குட்மன் உத்தரவிட்டார். அவ்வாறு 64 பேர் அனுமதிக்கப்பட்டனர். மறுநாள் இரகசியப் பொலிஸார் வந்து விளக்கம் கேட்டபோது, படுக்கை படுக்கையாக அவர்களை அழைத்துச் சென்று, ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொல்லி நியாயம் கற்பித்தார். அவர்களில் 60 பேர் கைதாகாது தப்பினர். வைத்திய அறிவைக் கொண்டு பொய் சொன்னார் என்று எவரேனும் குறைகூறுவாராயின், அவருக்கு நாம் பதில் சொல்லப்போவதில்லை.

1939 மார்ச்சில் மனைவியோடும் இரு பிள்ளைகளோடும் அகதியாக அவர் இங்கிலாந்தை அடைந்தார். சொந்த மண்ணில் பெரும் நிபுணராக இருந்தவர், பிறர் நிதியில் தங்கி வாழவேண்டிய நிலை. இடம்பெயர்ந்து, ஒரே இரவில் பெயரும் தொழிலும் இழந்து நிற்பதன் பொருளை எமது வாசகர்களுக்கு, அவர்கள் தமிழராயினும் முஸ்லிம்களாயினும், நாம் விளக்க வேண்டியதில்லை. ஒக்ஸ்போர்ட்டில் நரம்புக் காயங்கள் குறித்து ஆராய வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் நோயாளரிடம் நேரடியாகப் பணிபுரியும் பொறுப்பு இல்லாதது அவரை வருத்தியது.

அந்தக் குறை 1943இல் நீங்கியது. ஐரோப்பாவில் பெரும் படையிறக்கமொன்றுக்குத் திட்டமிட்ட பிரித்தானியா, முள்ளந்தண்டில் காயமுற்று வரப்போகும் படைவீரருக்கென ஒரு பிரிவை அமைக்க முடிவுசெய்தது. அதற்குத் தலைமை தாங்க வேறெவரும் ஆசைப்படவில்லை. முதலாம் உலக யுத்தத்தில் இத்தகைய காயமடைந்தோரில் பெரும்பான்மையினர் விரைவிலேயே இறந்திருந்தனர். எஞ்சியோர் ஆதரவற்றோர் இல்லங்களில் காலம் கழித்தனர். தமது முறைகளில் எவரும் தலையிடக்கூடாது என்ற நிபந்தனையோடு குட்மன் பொறுப்பேற்றார். அயல்ஸ்பரி நகருக்கு அருகிலுள்ள ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில், 1944 பெப்ரவரி 1ஆம் திகதி அப்பிரிவு திறக்கப்பட்டது.

அங்கே அவர் செய்ததை விபரிப்பது எளிது, செய்வது கடினம். உணர்விழந்த உடல் ஒரே நிலையில் கிடக்கும்போது, எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே அகப்பட்ட தசைக்கு இரத்தம் செல்வதில்லை. நாமென்றால் வலியுணர்ந்து தூக்கத்திலும் புரண்டு படுப்போம். அவர்களுக்கு வலி தெரியாது; தசை அழுகும். ஆகவே ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவு பகல் பாராது, தாதியரும் உதவியாளரும் சேர்ந்து புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று விதித்தார். விதித்ததோடு நில்லாது, நள்ளிரவில் தாமே விடுதிக்கு வந்து, புரட்டப்பட்டதா என்று பார்த்தார். தாதியர் அவருக்கு அஞ்சினர்.

சிறுநீரை வெளியேற்றும் குழாயைப் பொருத்துவதிலும் அதே கண்டிப்பு. கடைநிலை ஊழியரிடம் விடப்பட்டிருந்த அந்த வேலையை, ஆரம்ப கட்டத்தில் வைத்தியரே கிருமி நீக்கிய முறையில் செய்யவேண்டும் என்றார். குழாயை நிரந்தரமாக உள்ளே விட்டுவைக்காது, உரிய இடைவெளிகளில் செலுத்தி எடுக்கும் முறையை வற்புறுத்தினார். பிற்காலத்தில், 1966இல், ஹான்ஸ் ஃபிராங்கலுடன் இணைந்து 476 நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து அம்முறையின் பயனை எழுத்தில் நிறுவினார்.

அவரது ஆய்வு மனப்பான்மைக்கு இன்னொரு சான்றை இங்கே சொல்லத்தான் வேண்டும். முண்ணாணின் மேற்பகுதியில் காயமுற்றோர் சிலருக்குத் திடீரெனக் கடும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் தோன்றும். உடற்றொழிலியல் அறிஞரான டேவிட் விட்றிஜுடன் சேர்ந்து குட்மன் இதனை ஆராய்ந்தார். சிறுநீர்ப்பை நிரம்பி விரியும்போது, மூளையின் கட்டுப்பாட்டை இழந்த கீழ்ப்பகுதி நரம்புகள் இரத்தக் குழாய்களைச் சுருங்கச்செய்து, இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்துகின்றன என்று 1947இல் வெளியிட்டனர். ஓர் அடைபட்ட குழாய் ஒருவரின் உயிரைப் பறிக்கலாம் என்பது அன்று தெளிவாகியது. இத்தகைய நோயாளியை வீட்டில் பராமரிக்கும் எத்தனை குடும்பங்களுக்கு இந்த ஆபத்து எடுத்துச் சொல்லப்படுகின்றது என்று நாம் கேட்காதிருக்க முடியவில்லை.

நியாயமாகப் பார்த்தால், இவை அனைத்தையும் தொடங்கியவர் குட்மன் அல்லர். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் டொனால்ட் மன்றோ என்ற வைத்தியர் 1930களிலேயே இந்த வழியில் சென்றிருந்தார். சிதறிக்கிடந்தவற்றை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து, சத்திரசிகிச்சை நிபுணர், தாதி, இயன் மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆகியோரை ஒரே நோயாளியைச் சுற்றி நிறுத்தியதே குட்மனின் சாதனை. இயன் மருத்துவர் பயிற்சியளித்த தோள்களே நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றின. தச்சுவேலை, மணிக்கூடு திருத்துதல், தட்டெழுத்து என நாளாந்தம் பணிகள் ஒதுக்கப்பட்டன. பிழைத்தவர் வரி செலுத்தும் பிரசையாகத் திரும்ப வேண்டும் என்பது அவரது கணக்கு. அனுதாபத்தை அவர் விரும்பவில்லை.

விளையாட்டு இதிலிருந்தே பிறந்தது. முதலில் சக்கர நாற்காலியில் அமர்ந்து கைத்தடிகளால் ஆடும் ஒருவகைப் போலோ. அது முரட்டுத்தனமாகிப் போகவே கைவிடப்பட்டது. அம்பெய்தலோ தோளுக்கும் முதுகுக்கும் வலுவும் சமநிலையும் தந்தது. 1948 ஜூலை 29ஆம் திகதி, இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், ஸ்ரோக் மண்டவில் புல்வெளியில் 14 ஆண்களும் 2 பெண்களும் அம்பெய்தனர். 1952இல் நெதர்லாந்து வீரர்கள் வந்து சேர, அது சர்வதேசப் போட்டியாகியது. 1960இல் ரோம் நகரில் 23 நாடுகளின் சுமார் 400 பேர் பங்குபற்றினர். முதலாவது பராலிம்பிக் போட்டியாக இன்று கணிக்கப்படுவது அதுவே. இந்தப் புல்வெளியில் தொடங்கிய வரிசையில்தான், 2021இல் டோக்கியோவில் ஈட்டி எறிதலில் உலக சாதனையோடு இலங்கைக்கு முதலாவது பராலிம்பிக் தங்கம் பெற்றுத்தந்த தினேஷ் பிரியந்தவும் வருகின்றார்.

குட்மனிடம் குறைகளும் இருந்தன. பிடிவாதக்காரர், தம்மோடு முரண்படுவோரை எளிதில் பொறுத்துக்கொள்ளாதவர். முறிந்த முள்ளந்தண்டுக்கு உடனடிச் சத்திரசிகிச்சை செய்வதைக் கடுமையாக எதிர்த்தார். பிற்காலச் சத்திரசிகிச்சையாளர் பலர் அதில் அவரோடு உடன்படவில்லை. அங்கமிழந்தோரும் பார்வையற்றோரும் பராலிம்பிக் அரங்கினுள் வர 1976 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆயினும் நோயாளர் அவரை அப்பா என்ற உரிமையோடு செல்லப்பெயர் வைத்தே அழைத்தனர். நள்ளிரவில் கட்டிலருகே வந்து நின்றவரை வேறெவ்வாறு அழைப்பர்?

இங்கே ஓர் ஆதங்கத்தையும் பதிவுசெய்ய விரும்புகின்றோம். எமது பிரதேசங்களில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டும் அந்தப் பணியைச் செய்வது பெரும்பாலும் மனைவியோ தாயோ சகோதரியோதான். அவர்களுக்கு முறை மாற்ற வேறொருவர் இல்லை; கற்றுக்கொடுப்போரும் அரிது. நாற்காலியைக் கையளிக்கும்போது புகைப்படம் எடுக்கின்றோம். அந்தப் பெண்ணுக்கு ஒரு கிழமை பயிற்சியளிக்க ஓர் இயன் மருத்துவரை அவ்வீட்டுக்கு அனுப்பியதாக ஒரு செய்தியை நாம் பிரசுரித்த ஞாபகம் இல்லை. இதில் பத்திரிகைகளாகிய எமக்கும் பங்குண்டு.

1966இல் ஸேர் பட்டம் பெற்று, 1973இல் தமது வாழ்நாள் அனுபவத்தை முள்ளந்தண்டுக் காயங்கள் பற்றிய பெரும் நூலாக வெளியிட்ட குட்மன், 1976இல் பிரித்தானிய றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1980 மார்ச் 18ஆம் திகதி, தமது 80ஆவது வயதில் காலமானார். அவ்வாண்டு ஒலிம்பிக்கை நடத்திய சோவியத் ஒன்றியம் மாற்றுத்திறனாளிகளின் போட்டியை ஏற்று நடத்த மறுத்துவிட்டது. அவர் மறைந்து மூன்று மாதங்களில் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில் அப்போட்டி நடைபெற்றது.