காரி கில்டால் சரித்திரச் சுருக்கம்

பெருஞ்செயல் புரிந்தோருள் சிலரை உலகம் அவர் செய்த செயலால் நினைவு கூர்கின்றது. வேறு சிலரை அவர் இழந்ததாகச் சொல்லப்படும் ஒன்றினாலேயே நினைவு கூர்கின்றது. இரண்டாம் வகையினருள் ஒருவர் அமெரிக்க நாட்டவராகிய காரி கில்டால். நம் மாணாக்கர் இக்காலத்தில் கணிப்பொறியிலுள்ள ஒரு கோப்பினை ஓர் அடைவினின்றும் மற்றோர் அடைவிற்கு நொடிப்பொழுதில் பெயர்த்து வைக்கின்றனர். ஒரே கோப்பிற்கு ஈரிடத்தில் இணைப்பும் அமைக்கின்றனர். இவ்வசதிகள் சிறு கணிப்பொறிகளில் இல்லாத காலமொன்று இருந்தது. அக்காலத்தில் அப்பொறிகளுக்கு முதன்முதலாக ஓர் ஒழுங்கு வகுத்துத் தந்த பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுகின்றோம்.

கில்டால் 1942-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் தேதி வாஷிங்டன் மாகாணத்துச் சியாட்டில் நகரில் பிறந்தார். அவர் குடும்பத்தார் மாலுமிகளுக்குக் கப்பலோட்டும் கலையைக் கற்பிக்கும் பள்ளியொன்றை நடத்திவந்தனர். இளமையில் கில்டாலும் அப்பள்ளியில் சிலகாலம் கற்பித்தார். பின்னர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து கணிதத்தில் தொடங்கிக் கணிப்பொறி நூலிற் புகுந்து, 1972-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மனிதர் எழுதும் நிரலைப் பொறியின் மொழிக்கு மாற்றுங்கால் அதனைச் சீர்ப்படுத்துவது எங்ஙனம் என்பது அவர் ஆராய்ந்த பொருள். 1973-இல் அதுபற்றி அவர் வெளியிட்ட கட்டுரை அத்துறையினர்க்கு இன்றளவும் அடிப்படையாக விளங்குகின்றது.

இதற்கு முன்னரே அவர் கலிபோர்னியாவிலுள்ள மான்டரே நகரத்துக் கடற்படை மேற்பட்டக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்திருந்தார். அந்நாளில் இன்டெல் என்னும் கம்பெனியார் ஒரு சிறு சில்லில் கணிப்பொறியின் மூளையையே அடக்கிய நுண்செயலி என்னும் கருவியை விற்கத் தொடங்கினர். பெரிய கணிப்பொறிகளிற் பழகியோர் பலர் இதனை விளையாட்டுப் பொருளென எண்ணியிருக்க, கில்டால் அதனை வாங்கி ஆராய்ந்தார். இன்டெல்லாருக்கு ஆலோசகராகவும் பணிபுரிந்தார். நுண்செயலிகளுக்கென முதன்முதல் எழுந்த உயர்நிலை மொழிகளுள் ஒன்றாகிய பி.எல்.எம். அவர் ஆக்கியதே.

அப்பொழுது அவருக்கு ஓர் இடர் நேர்ந்தது. சிறு பொறியில் நிரல்களைச் சேமிக்க வழியில்லை. துளையிட்ட காகித நாடாவோ மிக மெதுவாக இயங்குவது. பிளாப்பி எனப்படும் நெகிழ்வட்டு அக்காலத்திற் புதிதாக வந்திருந்தது. அதனைப் பொறியோடு இணைக்கும் கருவியைக் கில்டால் தாமே அமைக்க முயன்று வெற்றிபெற்றிலர். நண்பர் ஜான் டொரோட் என்பவர் அக்கருவியைச் செய்து கொடுத்தார். வட்டினை ஆளுதற்குரிய நிரலைக் கில்டால் 1974-இல் எழுதி முடித்தார். அதுவே சி.பி.எம். என்னும் இயங்குதளம். இன்டெல்லார் அதனை வாங்க விரும்பவில்லை. ஆகவே அவரும் அவர் மனைவியார் டோரதியும் டிஜிட்டல் ரிசர்ச் என்னும் கம்பெனியைத் தொடங்கிப் பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரிலிருந்து அதனை விற்றனர்.

இவ்வியங்குதளம் கோப்புகளை வைத்த முறையைச் சிறிது விரித்துரைப்போம். அடைவு என்பது எந்தக் கோப்பு வட்டின் எப்பகுதியில் உள்ளது என்று காட்டும் பட்டியல். 8 அங்குல நெகிழ்வட்டு ஒன்றில் ஏறக்குறைய 2,50,000 எழுத்துகளே அடங்கும். அதில் அடைவிற்கு 64 பதிவுகள் ஒதுக்கப்பட்டன. பதிவு ஒவ்வொன்றும் 32 பைட். கோப்பின் பெயருக்கு 8 எழுத்தும், வகைக்கு 3 எழுத்தும், கோப்பு தங்கியிருக்கும் வட்டுத் துண்டுகளின் எண்களுக்கு 16 பைட்டும் அப்பதிவில் உண்டு. அடைவிற்குள் அடைவு என்பது இல்லை. எல்லாக் கோப்புகளும் ஒரே கூடத்தில் வரிசையாக அமர்ந்திருந்தன என்னலாம்.

1979-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில், பதிவின் முதல் பைட்டில் 0 முதல் 15 வரை ஓர் எண்ணை இட்டுக் கூடத்தைப் பதினாறு பகுதிகளாகப் பிரித்தார். ஒரு கோப்பை ஒரு பகுதியினின்றும் மற்றொரு பகுதிக்குப் பெயர்த்தற்கு அவ்வோர் எண்ணை மாற்றினாலே போதுமாயினும், உடன்வந்த கட்டளைகளுள் அதற்கென ஒன்றும் இல்லை. கோப்பினை முழுதும் படியெடுத்து, பின்பு பழையதை அழித்தலே வழக்கம். ஒரு கோப்பிற்கு இரு பதிவுகள் வைத்து இணைப்பு அமைத்தலும் இயலாது. எத்தனை பதிவுகள் ஒரே துண்டைச் சுட்டுகின்றன என்று எண்ணிவைக்கும் இடம் அதில் இல்லை. ஒரு பதிவை அழித்தவுடனே அத்துண்டு காலியானதாகக் கொள்ளப்படும். அதன்மேல் வேறொரு கோப்பு எழுதப்படும். எஞ்சிய பதிவோ பிறர்பொருளைத் தன்பொருளெனச் சுட்டி நிற்கும்.

பெரிய பொறிகளில் நிலைமை வேறு. மல்டிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் திட்டமிட்டோர் 1965-ஆம் ஆண்டிலேயே, அடைவிற்குள் அடைவாக மரம்போற் கிளைக்கும் அமைப்பையும், கிளைக்குக் கிளை இணைப்பையும் விவரித்திருந்தனர். அதன்பின் தோன்றிய யூனிக்ஸில் கோப்பின் பெயர் ஓரிடத்தும் கோப்பின் விவரம் மற்றோரிடத்தும் வைக்கப்பட்டன. எத்தனை பெயர்கள் அதனைச் சுட்டுகின்றன என்ற எண்ணிக்கையும் உடன் காக்கப்பட்டது. ஆகவே ஒரு கோப்பைப் பெயர்த்தலாவது புதுப்பெயரை இணைத்துப் பழம்பெயரை நீக்குதலேயாம். அடைவுகளை இணைப்பதில் மட்டும் அச்சமிருந்தது. ஓர் அடைவு தன்னைப் பெற்ற அடைவையே தனக்குள் கொள்ளுமாயின் மரம் வளையமாகிவிடும். அதனுள் தேடப் புகுந்த நிரல் முடிவின்றிச் சுற்றும். ஆதலின் அவ்வுரிமை பொறியை ஆளும் தலைமைப் பயனர்க்கே விடப்பட்டது. பல படிகளில் நடந்த பெயர்மாற்றம் நடுவில் தடைப்பட்டால் அடைவு குலையும். இக்குறையைப் போக்கப் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 1983-இல் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில் பெயர்மாற்றம் முழுவதையும் ஒரே செயலாக்கினர்.

கில்டால் இம்மரத்தை நடாமைக்குக் காரணம் யாது? சி.பி.எம். தொடக்கத்தில் 16,000 பைட் அளவே நினைவகமுள்ள பொறியிலும் இயங்க வேண்டியிருந்தது. பயனரின் நிரலுக்கு இடம்விட்டுத் தான் மிகச் சிறிதளவே கொள்ளல் வேண்டும். அறுபத்துநான்கு கோப்புகளுக்கு மரம் எதற்கு? தேவையின் அளவை அறிந்து அதற்கேற்ப அளந்து செய்தார் என்றே நாம் கருதுகின்றோம்.

அவர் செய்தவற்றுள் தலையாயது வேறொன்று. கம்பெனிக்குக் கம்பெனி பொறியின் உறுப்புகள் வேறுபட்டன. பொறிதோறும் மாறும் பகுதி முழுவதையும் கில்டால் தனியே பிரித்து, பயாஸ் என்று பெயரிட்டார். அச்சிறு பகுதியை மட்டும் மாற்றி எழுதினால் ஏனையவை அவ்வாறே இயங்கும். ஒருவர் எழுதிய நிரல் பல கம்பெனிகளின் பொறிகளில் ஓடும் நிலை இதனால் உண்டாயிற்று. நிரல் விற்பனை ஒரு தனித் தொழிலாக வளர்ந்ததற்கு இஃது ஒரு பெருங்காரணம்.

1980-இல் ஐ.பி.எம். கம்பெனியார் தம் புதிய சிறு கணிப்பொறிக்கு இயங்குதளம் நாடிப் பசிபிக் குரோவிற்கு வந்தனர். அன்று கில்டால் இன்பமாக வானூர்தி ஓட்டிக்கொண்டிருந்து பெருஞ்செல்வத்தை இழந்தார் என்பது நாடெங்கும் பரவிய கதை. உண்மையில் அவர் தொழில் நிமித்தமாகவே தம் வானூர்தியில் சென்றிருந்தார். பேச்சு உடன்படிக்கையாக முற்றவில்லை. மைக்ரோசாப்ட் கம்பெனியார், சியாட்டிலில் டிம் பாட்டர்சன் என்பவர் எழுதிய இயங்குதளத்தைப் பெற்று ஐ.பி.எம்.முக்கு அளித்தனர், அதுவோ நிரல்கள் இயங்குதளத்தை அழைக்கும் முறையில் சி.பி.எம்.மையே பின்பற்றியது. கில்டால் குறைகூறியபின் ஐ.பி.எம்.மார் இரண்டையும் விற்க இசைந்தனர். ஆனால் ஒன்றன் விலை 40 டாலர். கில்டாலுடையதன் விலை 240 டாலர். மக்கள் எதனை வாங்கினர் என்று சொல்லவேண்டுவதில்லை. அடைவிற்குள் அடைவு என்னும் மர அமைப்பும் 1983-இல், யூனிக்ஸைப் பின்பற்றி, மைக்ரோசாப்ட்டின் டாஸ் இரண்டாம் பதிப்பிலேயே சேர்ந்தது.

இவ்விழப்பால் அவர் சோர்ந்திருந்தாரல்லர். 1983 முதல் சில ஆண்டுகள் தொலைக்காட்சியில் கணிப்பொறிச் செய்திகளைப் பொதுமக்களுக்கு விளக்கும் நிகழ்ச்சியில் பங்குகொண்டார். 1985-இல் அவர் முயற்சியால் குரோலியர் கலைக்களஞ்சியம் முழுவதும் ஒரே ஒளிவட்டில் அடக்கி வெளியிடப்பட்டது. அவர்தம் கம்பெனி 1991-இல் நோவெல் கம்பெனியார் கைக்கு மாறியது. ஆயினும் பழங்கதை அவர் செவியில் ஓயாது ஒலித்தமை அவருக்குப் பெருந்துன்பமாயிருந்தது. 1994-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11-ஆம் தேதி, தலையிற்பட்ட காயத்தால் மான்டரேயில் தமது 52-ஆம் வயதில் உயிர்நீத்தார். 2014-இல், அவர் கம்பெனி இருந்த பசிபிக் குரோவ் கட்டடத்தின்முன் மின்பொறியாளர் சங்கத்தார் நினைவுத்தகடு பதித்தனர்.

கில்டால் வகுத்த அடைவில் ஒரு கோப்பிற்கு ஓரிடமே உண்டு. உலகமும் அவரை அங்ஙனமே, வாய்ப்பிழந்தவர் என்னும் ஒரே பெயரின்கீழ் வைத்துவிட்டது. ஆசிரியர் என்னும் பெயரின்கீழும், மொழியாக்க அறிஞர் என்னும் பெயரின்கீழும், பொறிகளுக்குப் பொதுநிலம் அமைத்தவர் என்னும் பெயரின்கீழும் அவர் பெயர் இணைக்கப்பெறல் வேண்டும். நம் கலாசாலையினின்றும் வெளியேறும் மாணாக்கருட் பலர் பிறர் பெயரால் விளங்கும் பணிகளைச் செய்ய நேரலாம். விலையும் புகழும் வேறிடம் சென்றாலும், செம்மையாகச் செய்யப்பட்ட பணி பயன்படாது ஒழியாது என்பதைக் கில்டாலின் வாழ்க்கை அவர்களுக்கு உணர்த்துமாக.