சுடுநீர்க் கலத்தில் எரிபொருள் ஊற்றிய சைக்கிள்

போர் முடிந்த பிறகு எங்களுக்கு அறிவுரை சொல்ல வந்தவர்களில் ஜப்பானை உதாரணம் காட்டாதவர்கள் குறைவு. அணுகுண்டு விழுந்த நாடே எழுந்து நிற்கிறது, நீங்கள் மட்டும் ஏன் இன்னும் அழுதுகொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் அந்தப் பேச்சின் உட்பொருள். அந்த மேடைகளில் அடிக்கடி அடிபடும் பெயர் சொய்சிரோ ஹொண்டா. அவருடைய வாழ்க்கையைத் தேடி வாசித்தபோது, மேடைகளில் விடுபட்டுப்போகும் பகுதிகள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன.

1906 நவம்பர் 17 அன்று ஹமமட்சு நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். தந்தை இரும்புக் கொல்லர், பின்னர் சைக்கிள் திருத்துபவர். ஹொண்டா 15 வயதில் டோக்கியோவில் ஆர்ட் ஷோக்காய் என்ற வாகனத் திருத்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆரம்பத்தில் அவருக்குக் கிடைத்தது முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எஞ்சினைத் தொடக் கிடைத்தது பிறகுதான். 1928 இல் அதே நிறுவனத்தின் கிளையை ஹமமட்சுவில் தொடங்கினார். பின்னர் பிஸ்டன் றிங் செய்யப் புறப்பட்டு, டொயோட்டாவுக்குக் கொடுத்த 50 றிங்குகளில் 3 மட்டுமே தேறின. உலோகவியல் தெரியாததுதான் குறை என்று கண்டு தொழில்நுட்பக் கல்லூரியில் போய் உட்கார்ந்தார். தனக்குத் தேவையான பாடங்களை மட்டும் கேட்டார், பரீட்சை எழுதவில்லை. சான்றிதழும் இல்லை.

இங்கே ஒன்றை மறைக்கக்கூடாது. அவர் போரின் அப்பாவிப் பார்வையாளர் அல்லர். அவருடைய தொழிற்சாலை ஜப்பானின் போர்க்கால உற்பத்தியோடு சேர்ந்தே வளர்ந்தது. விமானச் சுழலிகளைச் செதுக்கும் இயந்திரத்தையும் அவர் வடிவமைத்துக் கொடுத்தார். பிறகு குண்டுவீச்சில் ஹமமட்சு அழிந்தது. 1945 ஜனவரி நிலநடுக்கம் அவருடைய இவாட்டா தொழிற்சாலையைச் சரித்தது. போர் முடிந்ததும் நிறுவனத்தை 450,000 யெனுக்கு டொயோட்டாவிடம் விற்றுவிட்டார்.

அடுத்து வந்த ஏறக்குறைய ஒரு வருடம் அவர் எதையும் தொடங்கவில்லை. குடித்தார், நண்பர்களோடு இருந்தார், மூங்கில் குழல் வாசித்தார். தோற்ற நாட்டில் ஒரு மனிதன் வெறுமனே இருந்த அந்த வருடத்தை நான் வீணான காலமாகப் பார்க்கவில்லை. அந்த வருடத்தைத் தாங்க அவரிடம் விற்ற காசு இருந்தது என்பதும் உண்மை. முகாமிலிருந்து வெறுங்கையோடு வெளியே வந்த எங்கள் சனத்துக்கு அது இருக்கவில்லை.

1946 இல் ஹமமட்சுவில் ஒரு சிறு கொட்டிலில் மீண்டும் வேலை தொடங்கியது. பேருந்துகளிலும் ரயில்களிலும் ஏற முடியாத கூட்டம். அரிசியும் கிழங்கும் தேடி ஆட்கள் சைக்கிளில் கிராமங்களுக்கு அலைந்தார்கள். அவருடைய மனைவி சச்சியும் அப்படித்தான் மிதித்தார். அந்த நேரத்தில் ஹொண்டாவின் கண்ணில் பட்டது, இராணுவம் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கப் பயன்படுத்திய சிறிய ஜெனரேற்றர் எஞ்சின். 50 சீசீ அளவிலான ரூ ஸ்ட்ரோக். போர் முடிந்ததால் அவை கேட்பாரற்றுக் கிடந்தன.

முதலில் எஞ்சினை முன்சில்லுக்கு மேலே பொருத்தி, இறப்பர் உருளையை ரயரோடு உரசவிட்டுச் சில்லைச் சுழற்றிப் பார்த்தார். ரயர் தேய்ந்துபோனது. புது ரயர் வாங்கக் கிடைக்காத காலம். ஆகவே எஞ்சினைச் சட்டத்தின் நடுவுக்கு இறக்கி, பெல்ற் மூலம் பின்சில்லைச் சுழற்றினார். எரிபொருள் தாங்கிக்கு வீட்டிலிருந்த ஒரு சுடுநீர்க் கலம், குளிருக்குப் படுக்கையில் வைத்துக்கொள்வது, எடுக்கப்பட்டது. ஓட்டிப் பார்க்கச் சச்சியை வீதிக்கு அனுப்பினார். அவர் உடுப்பெல்லாம் எண்ணெயாகத் திரும்பி வந்து முறையிட்ட பிறகுதான், காபரேற்றர் எரிபொருளை வெளியே துப்புவது தெரிந்து அதைத் திருத்தினார். நகரமே பார்க்க ஓட்டிய முதல் பரிசோதகர் அந்தப் பெண்தான். அவருடைய பெயரை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

பெற்றோல் பங்கீட்டில்தான் கிடைத்தது. அதனால் பைன் மரத்திலிருந்து எடுக்கும் எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். புகையும் நாற்றமும் பின்னால் வந்தன. 1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில், காபரேற்றருக்குள் இரண்டு துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு அந்தப் புகையை விளக்கத் தேவையில்லை. எங்களிடமும் அதே கைத்திறன் இருந்தது. கைத்திறனில் ஹொண்டா எங்கள் மெக்கானிக்குகளைவிட உயர்ந்தவர் என்று நான் நம்பவில்லை.

வேறுபாடு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. சுமார் 500 பழைய எஞ்சின்களும் விற்று முடிந்தன. போரின் மிச்சம் ஒருநாள் தீரும். 1947 இல் அவர் தன் சொந்த எஞ்சினைச் செய்தார். 1948 இல் கம்பனி பதிவானது. 1949 இல் எஞ்சினோடு சட்டமும் தாங்களே செய்த டிரீம் வந்தது. அதே ஆண்டு கணக்கு வழக்கும் விற்பனையும் தெரிந்த தக்கேயோ புஜிசாவா வந்து சேர்ந்தார். அவர் வந்திராவிட்டால் ஹொண்டா ஒரு கெட்டிக்கார மெக்கானிக்காகவே முடிந்திருப்பார் என்பது என் எண்ணம்.

1952 இல் ஜப்பான் தன் வீதிச் சட்டத்தைத் திருத்தியது. ரூ ஸ்ட்ரோக் என்றால் 60 சீசீ வரை, ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் 90 சீசீ வரை, 14 வயதுக்கு மேற்பட்ட எவரும் பரீட்சையின்றி அனுமதி பெற்று ஓட்டலாம். எஞ்சின் பூட்டிய சைக்கிள் சந்தேகத்துக்குரிய பொருளாக இருந்த நிலை மாறி, சட்டப்படியான வாகனமானது. அதே ஆண்டில் ஹொண்டா, சைக்கிளின் பின்சில்லில் பூட்டும் கப் எஃப் எஞ்சினை வெளியிட்டது. புஜிசாவா நாடெங்கும் இருந்த 50,000 க்கு மேற்பட்ட சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் அனுப்பி அதை விற்றார். இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன். முள்ளிவாய்க்காலில் கைவிடப்பட்டுக் கறல் பிடித்த மோட்டார் சைக்கிள்களுக்கு உரிமையாளர்கள் இருந்தார்கள். பதிவுப் புத்தகம்தான் பலரிடம் இல்லை. அது சட்டிபானையோடு இடம்பெயர்வில் போயிருந்தது. நாலு வண்டியின் பாகங்களைச் சேர்த்து ஒன்றை ஓடவைக்கத் தெரிந்தவர்கள் இன்றும் வன்னியில் இருக்கிறார்கள். ஆனால் எஞ்சின் இலக்கமும் சட்ட இலக்கமும் புத்தகத்தோடு பொருந்தாவிட்டால், அந்த வண்டி வயல் வரம்பைத் தாண்டாது.

1958 இல் சுப்பர் கப் வந்தது. எங்கள் ஊர்களில் ஓடிய எம்டி நைன்டி அதன் வழிவந்ததுதான், ஜப்பானின் தபால்காரர்களுக்காகச் சிவப்பு நிறத்தில் செய்யப்பட்டது. 2017 இல் கப் வரிசையின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது.

1973 இல் ஹொண்டாவும் புஜிசாவாவும் ஒன்றாகவே ஓய்வு பெற்றார்கள். அதன்பின் ஹொண்டா தன் நிறுவனத்தின் தொழிற்சாலைகளுக்கும் விற்பனை நிலையங்களுக்கும் போய் ஊழியர்களின் கைகளைப் பிடித்து நன்றி சொன்னார். எண்ணெய்க் கை என்று தயங்கியவர்களின் கையையும் விடவில்லை. 1991 ஓகஸ்ட் 5 அன்று இறந்தார். வாகனம் செய்பவனின் சாவால் வீதியில் நெரிசல் ஏற்படக்கூடாது என்று, கம்பனி சார்பில் பெரிய இறுதிச் சடங்கு வேண்டாமெனச் சொல்லி வைத்திருந்தார். அதற்குப் பதிலாக நன்றி கூறும் கூட்டங்கள் மட்டும் நடந்தன.