படைத்தலைவி இலட்சுமி

சிவகங்கைச் சீமையை மீட்ட வேலு நாச்சியாரும், 1858ஆம் ஆண்டில் ஆங்கிலேயரோடு பொருது வீழ்ந்த ஜான்சி இராணி இலட்சுமிபாயும் அரசியராய் விளங்கியவர்கள். தம் நாட்டைக் காக்க வாளேந்தியவர்கள். அரசுரிமை ஏதுமின்றி, மருத்துவம் பயின்று, நோயாளரிடையே வாழ்ந்துவந்த ஒரு பெண்மணி மகளிர் படைக்குத் தலைமை பூண்ட வரலாறு அவ்வகையினின்றும் வேறானது. அப்பெண்மணியே கேப்டன் இலட்சுமி என்று நாடறிந்த இலட்சுமி சாகல் அம்மையார்.

இவர் 1914ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் சுவாமிநாதன் புகழ் வாய்ந்த வழக்கறிஞர். தாயார் அம்மு அம்மையார் நாட்டு விடுதலைக்கும் பெண்கள் உயர்வுக்கும் உழைத்தவர்; பிற்காலத்தில் இந்திய அரசியல் நிருணய சபையிலும் உறுப்பினராய் அமர்ந்தவர். நாட்டியக் கலையில் உலகப் புகழ் பெற்ற மிருணாளினி சாராபாய், இலட்சுமியின் தங்கை. அயல்நாட்டுத் துணிகளைத் தீயிலிட்ட இல்லங்களுள் இவர்தம் இல்லமும் ஒன்று. இளமையில் கேரளத்திலிருந்த பாட்டியார் இல்லத்திற்குச் சென்றிருந்தபொழுது, நிழல் பட்டாலும் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட மலைவாழ் மக்களுள் ஒரு சிறுமியை இலட்சுமி கைப்பிடித்து விளையாட அழைத்துச் சென்றார். பாட்டியார் பெரிதும் சினந்தார்; பேர்த்தியோ சிறிதும் அஞ்சவில்லை.

சென்னை இராணி மேரி கல்லூரியிற் பயின்றபின், 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மகப்பேறு மருத்துவத்திலும் தேர்ச்சியுற்றுத் திருவல்லிக்கேணியிலுள்ள மகளிர் மருத்துவமனையிற் சிலகாலம் பணியாற்றினார். 1940இல் சிங்கப்பூர் சென்று மருத்துவ நிலையம் ஒன்றை நிறுவினார். அங்கே அவரை நாடி வந்தவருட் பலர், தாய்நாட்டில் வாழ வழியின்றிக் கடல் கடந்து போன ஏழைத் தொழிலாளர்கள்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. சிறைப்பட்ட இந்தியப் போர்வீரர்களைக் கொண்டு இந்திய தேசிய இராணுவம் உருவாயிற்று. மறுவருடம் சூலைத் திங்களில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து அதன் தலைமையை ஏற்றார். பெண்களும் படைக்கலம் ஏந்திப் போரிடுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அந்நாளில் இது பலர்க்கு வியப்பையும், சிலர்க்கு நகைப்பையும் விளைத்தது.

அம்மாதம் 12ஆம் நாள் மகளிர் கூட்டம் ஒன்று கூடுவதாயிற்று. அதற்கு வரும் நேதாஜிக்குப் பெண்களே அணிவகுப்பு மரியாதை செய்யவேண்டும் என்று இலட்சுமி விரும்பினார். இருபது பெண்களைத் திரட்டினார். புடைவை உடுத்திய அப்பெண்கள், முன்னர்த் தொட்டும் அறியாத கனத்த துப்பாக்கிகளைத் தோளில் ஏந்திப் பயின்று, குறித்த நாளில் அணிவகுத்து நின்றனர். அக்காட்சியைக் கண்டவர் நகைத்திருக்க வழியில்லை. மகளிர் படைக்குத் தலைமை ஏற்க இயலுமா என நேதாஜி வினவியபொழுது, இலட்சுமி தயங்காது இசைந்தார். நன்கு நடைபெற்றுவந்த மருத்துவத் தொழிலையும் துறந்தார்.

அப்படைக்கு ஜான்சி இராணிப் படை என்று பெயரிடப்பட்டது. 1943 அக்டோபர்த் திங்களில் சிங்கப்பூரில் பயிற்சிப் பாசறை திறக்கப்பெற்றது. அத்திங்களிலேயே நேதாஜி அமைத்த தற்காலிக அரசில் மகளிர் துறைப் பொறுப்பும் இலட்சுமிக்கு அளிக்கப்பட்டது. தம் தங்கத் தோடுகளையே கழற்றி நிதிக்கு ஈந்த கோலாலம்பூர் நங்கை ஜானகி போன்ற வசதி படைத்தோரும் படையிற் சேர்ந்தனர். எனினும் சேர்ந்தவருட் பெரும்பாலோர் மலேயா இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்ப் பெண்களே. வடுகபட்டி முதலாகக் கம்பம் ஈறாகவுள்ள ஊர்களின் மாணவர்கள், விடியுமுன்னே ஏலத்தோட்டங்களுக்கு மலையேறிச் செல்லும் பெண்களைக் கண்டிருப்பர். அத்தகைய உழைப்பாளிகளே அவர்கள். தாய்நாட்டைக் கண்ணாற் காணாதவரும் அவருள் பலர். பால் வடிக்கும் கத்தியைப் பிடித்த கைகள் துப்பாக்கி பிடிக்கக் கற்றன. காக்கி உடை அணிந்து, நெடுந்தொலைவு நடந்து, கத்தி முனைப் போரும் பயின்றனர். எழுதப் படிக்க அறியாதவர்க்கு வகுப்புகளும் நடைபெற்றன. சாதி சமய வேறுபாடின்றி அனைவரும் ஒருங்கே உண்டனர். அன்றைய நிலையில் இது போர்ப் பயிற்சியினும் அரியதொரு வெற்றி எனலாம்.

1944இல் படையின் ஒரு பகுதி பர்மாவை அடைந்து, மேமியோ என்னும் மலைநகரில் தங்கிற்று. இம்பாலை நோக்கிச் சென்ற இந்திய தேசிய இராணுவத்தின் வெற்றியை எதிர்பார்த்து, தாமும் களம் புகும் நாளுக்காக அப்பெண்கள் காத்திருந்தனர். ஆனால் பெருமழை பிடித்தது. உணவும் மருந்தும் முன்னணிக்குப் போய்ச் சேரவில்லை. குளிர்காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் குண்டுகளினும் மிகுதியாக வீரரை மாய்த்தன. எஞ்சியவர் எலும்பும் தோலுமாய் மேமியோவுக்குத் திரும்பினர். போர் புரியப் பயின்ற பெண்கள் அவர்தம் புண்களைக் கழுவிக் கட்டினர். படைத்தலைவியாகிய இலட்சுமி மீண்டும் மருத்துவரானார். களம் காணாமையால் அப்படை வீணாயிற்று எனக் கூறுவார் உளர். அவ்வீரர்களின் படுக்கையருகே நின்றவர் அங்ஙனம் கூறார்.

1945 ஏப்ரலில் இரங்கூனைக் கைவிட நேர்ந்தபொழுது, பெண்களைப் பாதுகாப்பாக அனுப்பிய பின்னரே தாம் புறப்படுவது என நேதாஜி உறுதி பூண்டார். இலட்சுமி பர்மாவிலேயே தங்கி, ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். 1946 மார்ச்சுத் திங்களில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட அவரை மக்கள் பெருமகிழ்வுடன் வரவேற்றனர். அவர் கர்னல் நிலைக்கு உயர்ந்திருந்தும், மக்கள் நாவில் முதலில் ஏறிய கேப்டன் என்னும் பெயரே இறுதிவரை நிலைத்தது.

செங்கோட்டை வழக்கில் குற்றஞ் சாட்டப்பட்ட மூவருள் ஒருவரான பிரேம்குமார் சாகலை 1947இல் மணந்து, கான்பூரில் குடியேறினார். பிரிவினையால் வீடிழந்து வந்தோர்க்கும், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் மருத்துவம் செய்தார். 1971இல் கிழக்கு வங்கத்து அகதிகள் எல்லை கடந்து வந்தபொழுது அவர்தம் முகாமுக்குச் சென்றார். 1984ஆம் ஆண்டு இறுதியில் போபால் நகரில் நச்சுவாயு பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டபொழுது, எழுபது வயதிலும் மருத்துவக் குழுவுடன் அங்கே விரைந்தார். அதே ஆண்டில் கான்பூரில் சீக்கியருக்கு எதிராகக் கலகம் மூண்ட நாட்களில், வீதியில் இறங்கி நின்று அவர்களைக் காக்க முனைந்தார்.

இந்திய அரசு 1998இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது. 2002ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இடதுசாரிக் கட்சிகள் அவரை வேட்பாளராக நிறுத்தின. எதிர்நின்றவர் இராமேசுவரத்து அப்துல் கலாம். தமிழ்நாட்டிற் பிறந்த இருவர் அவ்வுயர் பதவிக்கு எதிரெதிர் நின்ற அத்தேர்தலில் கலாம் பெரு வெற்றி பெற்றார். தோல்வி உறுதி என்பதை அறிந்தே போட்டியிட்ட அம்மையார், மீண்டும் கான்பூர் மருத்துவ நிலையத்திற்குத் திரும்பித் தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் நோயாளரைக் கவனித்துவந்தார். 2012 சூலை 23ஆம் நாள், தம் 97ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவர் விருப்பப்படி, அவர்தம் உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரி மாணவர்களின் பயிற்சிக்காக ஒப்படைக்கப்பெற்றது.