இராமானுஜனும் உதவிச் சம்பளமும்

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் பெயரை அறியாத மாணவர் நம் நாட்டில் அரியர். ஆனால், கல்லூரிச் சம்பளம் கட்ட வழியின்றி அவர் கலங்கி நின்ற காலமும் உண்டு என்பதைப் பலர் அறியார்.

1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் அங்கு ஒரு துணிக்கடையில் கணக்கர்; மாத ஊதியம் ஏறத்தாழ 20 ரூபாய். அன்னையார் கோமளத்தம்மாள் கோயிலில் பாடியும், வெளியூர் மாணவர் சிலருக்கு வீட்டில் உணவிட்டும் சிறிது பொருள் ஈட்டினார்.

1904-இல் உயர்நிலைப் பள்ளியில் சிறப்பாகத் தேறிய இராமானுஜனுக்குக் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவிச் சம்பளம் கிடைத்தது. உபகாரச் சம்பளம் என்று அக்காலத்தார் கூறியது இதனையே. ஆயினும், கணிதத்தையன்றி வேறெதிலும் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தவறினார், உதவி நின்றது. அன்னையார் கல்லூரித் தலைவரிடம் முறையிட்டும் பயனில்லை. பருவத்திற்கு 32 ரூபாய்ச் சம்பளம்; தந்தையாரின் ஒன்றரை மாத உழைப்பு! 1905-இல் அவர் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். அச்செயல் போற்றத்தக்கதன்று; எனினும், பதினேழு வயது இளைஞரின் உள்ளம் பட்ட பாட்டை நாம் உணரலாம்.

பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் அவர் தேர்வில் வெற்றி பெறவில்லை. பட்டமும் இல்லை, பணியும் இல்லை. கணிதக் குறிப்பேடுகள் மட்டும் நிறைந்தன. நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பொருளால் சில காலம் உதவினார். பிறர் பொருளில் வாழ விரும்பாத இராமானுஜன், 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராய் அமர்ந்தார்.

மறு ஆண்டு, கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் முடிபுகளை எழுதியனுப்பினார். அவரது திறமை புலனாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவிச் சம்பளம் பெற முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இவரோ கல்லூரித் தேர்வில் தவறியவர். ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகச் சட்டம் கூறும் கடமைகளுள் ஒன்றன்றோ என்று ஆட்சிக் குழுவில் நீதிபதி சுந்தரமையர் வாதாடினார். விதி விலகி வழிவிட்டது. 1913 மே முதல் மாதந்தோறும் 75 ரூபாய் வழங்கப்பட்டது. மூன்று திங்களுக்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை தரவேண்டும் என்பதே நிபந்தனை. 1914-இல் அவர் இங்கிலாந்து செல்லவும் அப்பல்கலைக்கழகமே ஆண்டுக்கு 250 பவுன் அளித்தது. 1918-இல் அவர் இராயல் சங்க உறுப்பினரானார்.

அங்கே நோயுற்றிருந்தபோது, மேலும் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 250 பவுன் தருவதாகப் பல்கலைக்கழகம் தெரிவித்தது. 1919 ஜனவரியில் இராமானுஜன் அதற்கு விடை எழுதினார். அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுனும், தம் செலவுக்கு வேண்டியதும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர், அநாதைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல்கள் வழங்கவும் பயன்படுத்துமாறு வேண்டினார். அதற்கான ஏற்பாட்டைத் தாம் திரும்பிய பின் செய்துகொள்ளலாம் என்றும் குறித்திருந்தார்.

அவ்வாண்டு மார்ச்சில் தாயகம் திரும்பினார். நோய் தணியவில்லை. 1920 ஏப்ரல் 26-இல் சென்னையில் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 32.